ஜாய் ரோட்டில் ஹென்றி ஃபோர்டு: ஒரு கல்லறையைத் தேடிக் கண்டடைந்த விதம்

விடையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஃபோர்டு மோட்டார் கம்பெனியை நிறுவிய ஹென்றி ஃபோர்டு, அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில், மேற்குப் பக்கம் ஓடும் ஜாய் ரோட்டில், செயின்ட் மார்த்தா தேவாலயத்தை ஒட்டிய ஒரு சின்னக் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார். கிரீன்ஃபீல்டு ரோடும் ஜாய் ரோடும் சந்திக்கும் இடத்துக்குப் பக்கத்தில். அதில் ரகசியம் ஒன்றும் இல்லை. விலாசம் கையில் இருந்தால் யார் வேண்டுமானாலும் போய்ப் பார்த்துவிடலாம்.

ஆனால் விலாசம் இல்லாமல், ஃபோர்டைப் பற்றி நமக்குத் தெரிந்ததை மட்டும் வைத்துத் தேடிப் பாருங்கள். நிச்சயம் வேறு எங்கேயாவது போய் நிற்போம். அந்த வேறு இடங்கள் ஒவ்வொன்றும் ஏன் அத்தனை நம்பும்படியாக இருக்கின்றன, எந்தத் தடயம் கடைசியில் ஜாய் ரோட்டுக்குக் கொண்டுவருகிறது என்பதுதான் இந்த ஆய்வு. பெரிய மனிதர்களின் கல்லறையைத் தேடுகிறவர்கள் வழக்கமாக அவர்களுடைய பெயர், பணம், கம்பெனி இவற்றின் பின்னால் போகிறார்கள். ஃபோர்டு விஷயத்தில் அப்படிப் போனால் வழி தவறும். பங்காளிகளின், அதாவது தந்தை வழிச் சொந்தங்களின், பின்னால் போக வேண்டும்.

நம்பும்படியான தப்பான இடங்கள்

முதல் சந்தேகம் டியர்பார்ன் மீது விழும். டெட்ராய்ட்டை ஒட்டியிருக்கும் ஊர் அது. ஃபோர்டு கம்பெனியின் தலைமையகம் அங்கேதான். ரூஜ் தொழிற்சாலை அங்கேதான். அவர் கட்டிய ஃபேர் லேன் மாளிகை அங்கேதான், உயிர் பிரிந்ததும் அந்த வீட்டில்தான். சென்னைக்காரர்களுக்கு ஃபோர்டு என்றதும் மறைமலை நகர் ஞாபகத்துக்கு வருவதுபோல, அமெரிக்கர்களுக்கு டியர்பார்ன்.

டியர்பார்னுக்குள்ளேயே இன்னும் பலமான ஒரு சந்தேகம் இருக்கிறது: கிரீன்ஃபீல்டு வில்லேஜ். பழைய அமெரிக்காவை அப்படியே பெயர்த்துக் கொண்டுவந்து வைக்க ஃபோர்டு உருவாக்கிய திறந்தவெளி அருங்காட்சியகம் இது. 1929 அக்டோபர் 21 அன்று திறப்பு விழா நடந்தது. எடிசனின் மென்லோ பார்க் ஆய்வகத்தை நியூஜெர்சியிலிருந்து இங்கே மறுபடி எழுப்பியபோது, அந்த இடத்து மண்ணையும் வண்டி வண்டியாக ஏற்றிவந்தார். ரைட் சகோதரர்களின் வீட்டையும் சைக்கிள் கடையையும் ஒஹையோவின் டேட்டனிலிருந்து கொண்டுவந்தார். 1944ல் தான் பிறந்த பண்ணை வீட்டையும் இங்கே நகர்த்திவிட்டார். இறந்தபின் பொதுமக்கள் அஞ்சலிக்காக அவர் உடல் வைக்கப்பட்டதும் இந்த வளாகத்தில்தான். வீடு இங்கே, அஞ்சலி இங்கே, எடிசனின் கடைசி மூச்சை அடைத்ததாகச் சொல்லும் கண்ணாடிக் குழாய்கூட இங்கே உள்ள அருங்காட்சியகத்தில். கல்லறை மட்டும் எங்கே போகும் என்றுதான் யாரும் நினைப்பார்கள்.

போதாததற்குப் பெயர்க் குழப்பம் வேறு. கிரீன்ஃபீல்டு என்பது ஃபோர்டின் மனைவி கிளாரா பிறந்த பகுதியின் பெயர். அருங்காட்சியகத்துக்கு அந்தப் பெயரை வைத்தார். டெட்ராய்ட் பக்கம் வடக்கு தெற்காக ஓடும் ஒரு பெரிய சாலைக்கும் அதே பெயர். ‘கிரீன்ஃபீல்டில் அடக்கம்’ என்று யாராவது சுருக்கமாக எழுதிவிட்டால், படிப்பவர் மனம் சாலையை விட்டுவிட்டு அருங்காட்சியகத்துக்குத்தான் ஓடும்.

அடுத்த சந்தேகம் டெட்ராய்ட்டின் உட்லான் கல்லறைத் தோட்டம். இது வெறும் ஊகம்கூட இல்லை, நல்ல ஆதாரமே இருக்கிறது. ஃபோர்டின் ஒரே மகன் எட்செல் 1943 மே 26 அன்று 49 வயதில் புற்றுநோயால் இறந்து அங்கேதான் அடக்கமானார். மோட்டார் நகரத்தின் பணக்காரர்கள் வரிசையாகப் படுத்திருக்கும் இடம் அது. ஃபோர்டு கம்பெனியின் கணக்கு வழக்கைத் தூக்கி நிறுத்திய ஜேம்ஸ் கூசென்ஸ் அங்கே இருக்கிறார். டாட்ஜ் சகோதரர்கள் இருவரும் அங்கே இருக்கிறார்கள், எகிப்தியக் கோயில் போன்ற மண்டபத்துக்குள், வாசலில் இரண்டு ஸ்பிங்க்ஸ் காவல் காக்க. பின்னாளில் ரோசா பார்க்ஸ், அரீதா ஃபிராங்க்ளின் என்று கார்த் தொழிலுக்குச் சம்பந்தமில்லாத பெரிய பெயர்களும் அங்கே சேர்ந்தன. மகன் அங்கே இருந்தால் தந்தையும் அங்கே இருப்பார் என்ற கணக்கு நியாயமானதுதான். ஆனால் தப்பு.

உட்லான் என்ற பெயரிலும் ஒரு பொறி இருக்கிறது. ஜெனரல் மோட்டார்ஸை நிறுவிய வில்லியம் டுராண்டும் உட்லானில்தான் இருக்கிறார். ஆனால் அது நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில் இருக்கும் உட்லான். டுராண்ட் இறந்தது 1947 மார்ச் 18. ஃபோர்டு இறந்தது அதே ஆண்டு ஏப்ரல் 7. இரண்டு பெரும் கம்பெனிகளின் நிறுவனர்கள், மூன்று வார இடைவெளியில் மறைவு, நடுவே உட்லான் என்ற ஒரே பெயர். குறிப்பெடுக்கும்போது ஊர்ப் பெயரை விட்டால் இரண்டு பேரும் எளிதாக இடம் மாறிவிடுவார்கள். கல்லறைத் தேடலில் தோட்டத்தின் பெயரை மட்டும் தனியாக ஒருபோதும் எழுதக் கூடாது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை.

1947 ஏப்ரல்

கடைசி நாட்களை வரிசைப்படி வைத்துப் பார்த்தால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

ஏப்ரல் 7. ரூஜ் ஆற்றில் வெள்ளம். ஃபேர் லேன் மாளிகைக்கு மின்சாரம் தந்தது அந்த ஆற்றோரத்தில் ஃபோர்டே கட்டிய மின் நிலையம். வெள்ளத்தில் அது நின்றுபோனது. உலகத்துக்கே இயந்திர வசதி விற்ற மனிதரின் வீட்டில் அன்றிரவு விளக்கும் மெழுகுவர்த்தியும்தான் வெளிச்சம், தொலைபேசியும் வேலை செய்யவில்லை. இரவு 11 மணிக்குப் பிறகு, மூளையில் ஏற்பட்ட இரத்தக் கசிவால், தன் 83வது வயதில் இறந்தார்.

இந்த ஆய்வுக்கு முக்கியமானது அந்த இரவைவிட அன்றைய பகல். வெள்ளச் சேதத்தைப் பார்க்க ஃபோர்டு காரில் கிளம்பியிருக்கிறார். அந்தச் சுற்றில் ஜாய் ரோட்டுக் கல்லறைத் தோட்டம் பக்கமும் வண்டி போயிருக்கிறது. அங்கேதான், தன் சனங்களுக்கு நடுவில்தான், தன்னைப் புதைக்கப்போகிறார்கள் என்று ஓட்டுநரிடம் சொன்னார் என்பது அந்த ஓட்டுநர் பின்னாளில் சொன்ன தகவல். ஒருவர் சாகும் நாளிலேயே தன் கல்லறை இடத்தைச் சுட்டிக்காட்டினார் என்பது ரொம்பவே கதைபோல இருக்கிறது. நினைவிலிருந்து சொன்னது என்பதால் இதைத் தனி ஆதாரமாக நான் எடுத்துக்கொள்ள மாட்டேன். ஆனால் பின்னால் நடந்தவை இதோடு கச்சிதமாகப் பொருந்துகின்றன.

ஏப்ரல் 9 அன்று கிரீன்ஃபீல்டு வில்லேஜ் வளாகத்தில் உள்ள லவெட் மண்டபத்தில் உடல் வைக்கப்பட்டது. சுமார் 1 லட்சம் பேர் வரிசையில் நின்று பார்த்துப் போனார்கள். ஏப்ரல் 10 அன்று டெட்ராய்ட்டின் உட்வர்ட் அவென்யூவில் இருக்கும் செயின்ட் பால் பேராலயத்தில் இறுதி வழிபாடு. இங்கே கவனம் தேவை. உட்லான் கல்லறைத் தோட்டமும் அதே உட்வர்ட் அவென்யூவில்தான், வடக்கே நகர எல்லைப் பக்கம் இருக்கிறது. பேராலயத்தில் கிளம்பிய ஊர்வலம் அதே சாலையில் நேரே போனால் மகனின் கல்லறைக்கே போய்ச் சேர்ந்திருக்கும். வரைபடத்தை மட்டும் பார்க்கிறவர் அப்படித்தான் முடிவு கட்டுவார்.

ஊர்வலம் மேற்கே போனது. மழை, சேறு. கூடவே ஒரு வேடிக்கையும் உண்டு: ஃபோர்டின் உடலைச் சுமந்த அமரர் ஊர்தி, போட்டிக் கம்பெனியான பேக்கார்டின் தயாரிப்பு. வண்டியின் கம்பெனியை வைத்துப் போகும் இடத்தைக் கண்டுபிடிக்க முடியாது என்பதை அவரே நிரூபித்துவிட்டுப் போயிருக்கிறார்.

பங்காளிகள் நிலம்

மேற்கே ஏன்? அதற்கு ஒரு நூற்றாண்டுக்கு மேல் பின்னோக்கிப் போக வேண்டும்.

ஃபோர்டு குடும்பம் அயர்லாந்தின் கார்க் பகுதியிலிருந்து வந்தது. ஹென்றியின் தந்தை வில்லியம் 1847ல், பஞ்ச காலத்தில், அமெரிக்கா வந்தவர். ஆனால் இந்தப் பகுதிக்கு வந்த முதல் ஃபோர்டு அவர் இல்லை. தந்தை வழிச் சொந்தங்கள் 1832லேயே வந்து டெட்ராய்ட்டுக்கு மேற்கே நிலம் வாங்கிப் பண்ணை போட்டிருந்தார்கள். பின்னால் வந்தவர்களும் அவர்களை ஒட்டியே நிலம் பிடித்தார்கள். நம் ஊரில் ஒரு வகையறா ஒரே பக்கமாக நிலம் வாங்கிக் குடியேறுவது போலத்தான். நிலம் இருந்தால் அதிலேயே ஒரு மூலையில் அடக்கமும் நடக்கும். அப்படி உருவானதுதான் ஜாய் ரோட்டுக் கல்லறைத் தோட்டம். பழைய குறிப்புகளில் அது ‘அடிசன் ஃபோர்டு’ கல்லறைத் தோட்டம் என்று ஒரு பங்காளியின் பெயரில் வருகிறது. வேறு சிலவற்றில் வெறும் ‘ஃபோர்டு’ கல்லறைத் தோட்டம். பின்னால் தேவாலயம் வந்ததும் அதன் பெயரும் ஒட்டிக்கொண்டது. தேடுகிறவருக்கு இவை மூன்று வெவ்வேறு இடங்களாகத் தெரியும். மூன்றும் ஒன்றே.

ஹென்றி 1863 ஜூலை 30 அன்று பிறந்தார். பிறந்த பண்ணை இருந்தது ஃபோர்டு ரோடும் கிரீன்ஃபீல்டு ரோடும் சேரும் இடத்தில். அந்த இடம் இன்று டியர்பார்ன். அங்கிருந்து அதே கிரீன்ஃபீல்டு ரோட்டில் வடக்கே சுமார் 3 கிலோமீட்டர் போனால் ஜாய் ரோடு வரும். அது டெட்ராய்ட். ‘டியர்பார்னில் பிறந்தார், டெட்ராய்ட்டில் அடக்கமானார்’ என்று எழுதினால் ஊர் விட்டு ஊர் போனதுபோல் ஒலிக்கிறது. அவர் பிறந்தபோது இரண்டும் வயல்தான். 1920களில் டெட்ராய்ட் மேற்குப் பக்கமாக வீங்கி இந்தப் பண்ணை நிலங்களை விழுங்கியபோதுதான் நடுவே நகர எல்லை வந்தது. அந்த வீக்கத்துக்குக் காரணம் கார்த் தொழிற்சாலைகள் இழுத்துவந்த ஜனம் என்பதைச் சொல்லவே வேண்டாம்.

அம்மா மேரி 1876ல், பிரசவத்தைத் தொடர்ந்து, இறந்தார். ஹென்றிக்கு அப்போது 12 வயது. அந்த அம்மா புதைக்கப்பட்டது இந்தத் தோட்டத்தில். 1905ல் அப்பாவும் இங்கேயே வந்து சேர்ந்தார். என் கணிப்பில் இந்த வழக்கை முடித்துவைப்பது இதுதான். ஃபோர்டு அம்மாவை எந்த அளவுக்கு மனதில் வைத்திருந்தார் என்பதற்கு 1919ல் பிறந்த வீட்டைப் புதுப்பித்த கதையே போதும். அம்மா காலத்தில் இருந்ததுபோலவே எல்லாம் இருக்க வேண்டும் என்று, தோட்டத்து மண்ணைத் தோண்டி உடைந்த பீங்கான் துண்டுகளை எடுத்து, அதே மாதிரியில் தட்டுகள் செய்யச் சொன்னவர் அவர். தன் மாளிகைக்கு வைத்த ஃபேர் லேன் என்ற பெயரும், அம்மாவை எடுத்து வளர்த்த பாட்டனார் பேட்ரிக் அஹெர்ன் வாழ்ந்த கார்க் நகரத் தெருவின் பெயர்.

இப்போது கிரீன்ஃபீல்டு வில்லேஜைத் திரும்பப் பாருங்கள். கண்ணில் பட்ட பழைய வீடுகளையெல்லாம் பெயர்த்துக் கொண்டுபோனவர், பிறந்த வீட்டையே நகர்த்தியவர், பெற்றோரின் கல்லறையை மட்டும் தொடவில்லை. அவரிடம் பணம் இல்லாமல் இல்லை, ஆள் இல்லாமல் இல்லை. அருங்காட்சியகத்தில் ஒரு அழகான குடும்ப மண்டபம் கட்டுவது அவருக்கு ஒரு வார வேலை. செய்யவில்லை. எது நகரக் கூடியது, எது நகரக் கூடாதது என்று அவர் மனதில் ஒரு கோடு இருந்திருக்கிறது. கல்லறையை இடம் மாற்றாதவர், தானே அங்கே போனார்.

கம்பிக் கூண்டு

அடக்கத்துக்குப் பிறகு அந்த இடத்தின் கதை அவ்வளவு அமைதியானதல்ல. உடலை யாராவது தோண்டி எடுத்துப் பணம் பறிக்கப் பார்ப்பார்களோ என்ற பயத்தில் ஆரம்பத்தில் காவல் போடப்பட்டது. கிளாரா 1950 செப்டம்பர் 29 அன்று இறந்து கணவருக்குப் பக்கத்தில் அடக்கமானார். தோட்டத்தை ஒட்டி ஒரு தேவாலயம் வர அவர் விட்டுப்போன பணம்தான் வழி செய்தது. 1950களில் எழுந்த அதுதான் செயின்ட் மார்த்தா. ஆகவே தேவாலயத்தின் வயதை வைத்துக் கல்லறைத் தோட்டத்தின் வயதைக் கணிக்கக் கூடாது. தோட்டம் பத்தொன்பதாம் நூற்றாண்டைச் சேர்ந்தது, தேவாலயம் இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியைச் சேர்ந்தது.

கணவன் மனைவி இருவர் கல்லறைகளின் மேலும் இரும்புக் கம்பிக் கூண்டு இருக்கிறது. நேரில் அடையாளம் காண அதுதான் சுலபமான வழி. மற்றபடி தோட்டம் முழுக்க ஃபோர்டு என்ற பெயர்தான். ‘ஃபோர்டு’ என்று பொறித்த கல்லைக் கண்டதும் கேமராவை எடுத்துவிடாமல் முதல் பெயரையும் ஆண்டுகளையும் படித்துப் பார்க்க வேண்டும். டாட்ஜ் சகோதரர்களின் ஸ்பிங்க்ஸ் போல ஏதாவது எதிர்பார்த்துப் போகிறவர்களுக்கு ஏமாற்றம்தான். அந்த இரண்டு சகோதரர்களும் 1903ல் 10,000 டாலர் மதிப்புக்குப் பங்கு எடுத்து, பிறகு லாபத்தில் பங்கு தரவில்லை என்று ஃபோர்டு மீதே வழக்குப் போட்டு, 1919ல் 25 மில்லியன் டாலர் வாங்கிக்கொண்டு வெளியேறினார்கள். 1920ல் இருவருமே இறந்தார்கள். பணம் வாங்கியவர்களுக்கு எகிப்திய மண்டபம், கொடுத்தவருக்குச் சாலையோரக் கம்பிக் கூண்டு.

எந்தச் சான்றை எவ்வளவு நம்பலாம்

இதுபோன்ற தேடலில் எனக்கு மேலே நிற்பது இறப்புச் சான்றிதழ். அமெரிக்கச் சான்றிதழ்களில் அடக்கம் நடந்த இடத்துக்கும் தேதிக்கும் தனிக் கட்டங்கள் உண்டு, இறுதிச் சடங்கு நடத்திய நிறுவனத்தின் பெயரும் இருக்கும். சம்பவம் நடந்த சில நாட்களுக்குள் எழுதப்படுவதால் அதில் கதை சேர இடமில்லை. ஆனால் சான்றிதழ் அன்றைய நிலையை மட்டும் சொல்லும். பின்னால் எலும்புகளோ சாம்பலோ இடம் மாறினால் அதற்குத் தெரியாது. அங்கே கல்லறைத் தோட்ட அலுவலகத்தின் பதிவேடுதான் கைகொடுக்கும்.

பத்திரிகைச் செய்தியில் எனக்கு இரண்டு மனம். அடக்கத்துக்கு மறுநாள் வந்த செய்தி தங்கம். முந்தைய நாள் வந்தது வெறும் ஏற்பாடு, ஏற்பாடுகள் மாறும். ஐம்பதாம் ஆண்டு நினைவுக் கட்டுரைகளில் பெரும்பாலும் ஒன்றைப் பார்த்து இன்னொன்று எழுதப்பட்டிருக்கும். கல்லறைக் கல்லின் புகைப்படம் வலுவான சான்றாகத் தோன்றும், ஆனால் கல் இருக்கும் இடத்தில் உடல் இருந்தே ஆக வேண்டும் என்பதில்லை. நினைவுக்காக மட்டும் நட்ட கற்கள் உலகமெங்கும் உண்டு.

மற்றவர்கள் மீது சோதனை

கம்பெனியை விட்டுவிட்டுக் குடும்பத்தைத் தொடரும் இந்த முறை ஃபோர்டுக்கு மட்டும்தானா என்று பார்க்க, லூயி செவ்ரோலேவை எடுத்துக்கொண்டேன். 1878ல் சுவிட்சர்லாந்தின் லா ஷோ-த-ஃபோனில் பிறந்தவர். 1911ல் டுராண்டோடு சேர்ந்து கம்பெனி தொடங்கி, சில ஆண்டுகளிலேயே மனஸ்தாபத்தில் வெளியேறினார். பெயரை மட்டும் கம்பெனி வைத்துக்கொண்டது. 1941 ஜூன் 6 அன்று டெட்ராய்ட்டில் இறந்தார். கம்பெனியைத் தொடர்ந்தால் மிச்சிகன் மாநிலத்துக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருப்போம். தம்பி கேஸ்டனைத் தொடர்ந்தால் விடை வரும். கேஸ்டன் 1920ல் இண்டியானாபொலிஸ் 500 பந்தயத்தை, அண்ணன் உருவாக்கிய காரில் ஜெயித்தவர். அதே ஆண்டு நவம்பரில் பெவர்லி ஹில்ஸ் பந்தயத் தடத்தில் விபத்தில் இறந்தார். அவர் புதைக்கப்பட்ட இண்டியானாபொலிஸ் நகரத்துக் கத்தோலிக்கக் கல்லறைத் தோட்டத்துக்கே அண்ணனும் கொண்டுபோகப்பட்டார். அந்த நகரத்துப் பந்தயத் திடலில் லூயிக்குப் பெரிய நினைவுச் சின்னம் இருக்கிறது. அது கல்லறை இல்லை, கல்லறை நகரின் தெற்குப் பக்கம்.

என்ஸோ ஃபெராரி இன்னும் சுலபம். தொழிற்சாலை மரனெல்லோவில். 1956ல் இறந்த மகன் டீனோ இருப்பது மொதெனாவின் சான் கட்டால்டோ கல்லறைத் தோட்டத்துக் குடும்பச் சிற்றாலயத்தில். 1988 ஆகஸ்ட் 14 அன்று இறந்த தந்தையும் அங்கேயே. அடக்கம் முடிந்த பிறகுதான் உலகத்துக்கே செய்தி தெரிந்தது, அதனால் ஊர்வலத்தைப் பின்தொடரும் வழியே இங்கே கிடையாது. குடும்பத்தைப் பின்தொடரும் வழி ஒன்றுதான்.

முறைக்கு நன்றாகத் தண்ணி காட்டியவர் ரோல்ஸ்-ராய்ஸின் ஹென்றி ராய்ஸ். ஃபோர்டு பிறந்த அதே 1863ல், இங்கிலாந்தின் ஆல்வால்ட்டன் கிராமத்தில் பிறந்தவர். 1933 ஏப்ரல் 22 அன்று இறந்தார், தகனம். அஸ்தி வைக்கப்பட்டது டெர்பி தொழிற்சாலையில், அவருடைய சிலைக்கு அடியில். அதாவது சொந்தக் கம்பெனியின் மண்ணில். 1933ஆம் ஆண்டுப் பதிவை மட்டும் படித்துவிட்டுக் கிளம்பினால் டெர்பிக்கே போய் நிற்போம், என் முறை தோற்றுவிட்டது என்றும் சொல்லலாம். ஆனால் 1937ல் அந்த அஸ்திக் கலசம் டெர்பியிலிருந்து எடுக்கப்பட்டு ஆல்வால்ட்டன் கிராமத்துத் தேவாலயத்துக்குக் கொண்டுபோகப்பட்டது. இப்போதும் அங்கேதான் இருக்கிறது.